மான் குரைத்த கூடாரம்

நான்கு வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு மான் என்னைப் பார்த்துக் குரைத்தது.

மான் குரைக்குமா என்று கேட்காதீர்கள். குரைக்கும். இங்கே ரோடியூர் என்று சொல்லும் சின்ன மான் – ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது, கால் மட்டும் நீளம் – பயந்தால் நாய் மாதிரியே குரைக்கும். அதுவும் தொண்டை கட்டின நாய்! நான் காட்டோரத்தில் ஒரு மறைவுக் கூடாரத்துக்குள், வேட்டைத் துவக்கும் கையுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது புல்வெளியின் நடுவில் நின்று, மூக்கைத் தூக்கி, நேராக என் கூடாரத்தைப் பார்த்து ஒரு குரைப்பு. பிறகு இன்னொன்று. பிறகு வெள்ளைப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு ஒரே ஓட்டம்.

இந்த ஐம்பத்துமூன்று வயதுக்குள் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். மானிடம் வாங்கியது இதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே இதை எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதியதாக இருந்திருக்கும். அதனால்தான் முடிவு தெரியட்டும் என்று வைத்திருந்தேன். கடந்த சனிக்கிழமை தெரிந்துவிட்டது.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. நான் ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவித் தொற்று நீக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே பக்கத்து மேசை பெரித். என் வயதுதான். அவளுடைய அண்ணனுக்குச் சொந்தமான காட்டில் ஆறு பேர் கொண்ட ஒரு வேட்டைக் குழு இருக்கிறது. அதற்குத் தலைவி அவள். காட்டைப் பார்க்க வா என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாள். போனவள் அப்படியே மாட்டிக்கொண்டேன். வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், வருடா வருடம் குறி சுடும் சோதனையும் பாஸ். இரண்டு வருடமாகக் குழுவில் இருக்கிறேன். ஒரு மான்கூட விழவில்லை. அது வேறு கதை.

இந்தப் பத்தியை வாசிக்கும் ஒரு அண்ணர் ஹொல்ம்லியாவிலிருந்து கடிதம் போட்டிருந்தார். "துவக்குச் சத்தத்துக்கு ஓடிவந்த சனம் நாங்கள். உமக்கு ஏன் தங்கச்சி இந்த வேலை?"

நியாயமான கேள்வி. சின்ன வயதில் பதுங்கு குழிக்குள் கிடந்தவள்தான் நானும். அது பயத்தில் பதுங்கியது. இப்போது நானே விரும்பி, ஃபிளாஸ்கில் தேநீரோடு போய்ப் பதுங்குகிறேன். அந்த வித்தியாசம் எனக்குத் தேவையாக இருக்கிறது அண்ணா. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை இதுவரை எழுதியதில்லை. காட்டுக்குள் யாரும் என்னிடம் "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பதில்லை!

முப்பது வருடமாகச் சமைக்கிறேன். வீட்டுக்குச் சமைக்கிறேன், கோயிலுக்குச் சமைக்கிறேன், பிறந்தநாள், அந்தியேட்டி, பாடசாலை விழா... எங்கள் ஊர் லோறென்ஸ்கூக்கில் ஒரு தமிழ் வீட்டில் விசேஷம் என்றால் "ராஜி அக்கா பால்கறி கொண்டு வருவா" என்று எனக்கே தெரியாமல் முடிவாகியிருக்கும். சமையல் பிடிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒருநாளாவது, ஒரு இடத்திலாவது, கரண்டி இல்லாத ஆளாக இருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. பெரிய ஆசையா இது?

அந்த ஆசைக்குத்தான் இந்த வருடம் ஆபத்து வந்தது.

வசந்தத்தில் என் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நடக்கலாம், உட்காரலாம், ஏணி மட்டும் கூடாது என்றார் டாக்டர். எங்கள் குழுவிலோ எல்லோரும் ஏணி வைத்த மரக்கோபுரத்தில் ஏறியிருந்துதான் மானுக்குக் காத்திருப்பது வழக்கம். ஆகஸ்டில் காட்டிலுள்ள மரவீட்டில் கூட்டம் நடந்தது. சுவரில் காட்டின் வரைபடம் தொங்கும். யாருக்கு எந்த இடம் என்று அதில் பெயர் எழுதுவார்கள்.

என் முழங்கால் கதையைக் கேட்டதும் ஊலாவின் முகம் மலர்ந்தது. ஊலா குழுவில் ஒருவர். தாடிக்காரர், பிளம்பர், தங்கமான மனிதர்.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது! ராஜி இஞ்சை இருந்து எங்களுக்குச் சமைக்கட்டும். அந்த ஆட்டிறைச்சிக் கறி!"

(அவர்கள் பேசுவது நோர்வேஜிய மொழி. நான் எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன். கோபிக்கமாட்டார்கள்.)

எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையான சந்தோஷத்தோடு. யாராவது கேலியாகச் சொல்லியிருந்தால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்பாகச் சொல்பவர்களை என்ன செய்வது? நானும் சிரித்தேன். சிரித்த முகத்தோடு வெளியே போய், விறகு அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெரித் பின்னாலேயே வந்தாள். ஐந்து வருடமாகப் பக்கத்து மேசையில் நிற்பவளுக்கு என் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

"உனக்குக் குசினிச் சமையல் விருப்பமில்லை."

"இல்லை."

"கீழ்ப் புல்வெளியிலை கோபுரம் இல்லை. நிலத்திலை கூடாரம் போட்டு இருந்து பார். அக்டோபரிலை நாலு சனிக்கிழமை தாறன். சரிவராட்டில் அந்த இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்கவேணும். ரெண்டு பேர் காத்துக்கொண்டு நிக்கினம். பிறகு நீ விரும்பினால் குசினி, இல்லாட்டில்..."

இல்லாவிட்டால் என்ன என்று அவள் சொல்லவில்லை. உள்ளே போய் வரைபடத்தில் கீழ்ப் புல்வெளிக்கு நேரே பென்சிலால் என் பெயரை எழுதினாள். மற்ற ஐந்து பெயரும் பேனாவில் இருந்தன.

சரி, கூடாரம் வாங்க வேண்டும். என் கணவர் குகன் துவக்கென்றால் எட்டி நிற்பவர். ஆனால் கடை என்றால் முன்னால் நிற்பவர். போவதற்கு முன்பே ஒரு யோசனை சொன்னார்.

"பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு வாங்கின டென்ட் சும்மாதானே கிடக்குது. அதைக் கொண்டு போனால் என்ன?"

"இஞ்சருங்கோ, அது வெள்ளை டென்ட். மஞ்சள் குஞ்சம் தொங்குது. மான் மொய் எழுதிப்போட்டுப் போகும்."

கடையில் நான்கைந்து வகை விரித்து வைத்திருந்தார்கள். முதலில் என் கண் போனது பெரிய ஒன்றின் மேல். நான்கு பக்கமும் ஜன்னல், உள்ளே குடும்பமே இருக்கலாம். தூக்கிப் பார்த்தேன். முழங்கால் உடனே தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டது. கார் நிற்கும் இடத்திலிருந்து புல்வெளிக்கு இருபது நிமிட நடை. வீட்டுக்கு அழகானதை வாங்கலாம், காட்டுக்குத் தூக்கக்கூடியதைத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, பாரம் இல்லை. ஆனால் கூரை பதிவு, உயரம் போதாது. கதிரையில் இருந்து துவக்கைத் தோளுக்கு உயர்த்தினால் தலை முட்டியது. கடைக்குள் கதிரை போட்டு உட்கார்ந்து, கையில் குகனின் குடையைத் துவக்காகப் பிடித்துக் குறி பார்த்தேன். விற்கிற பெண் சிரித்தாள். எதிரே வந்த ஒரு பெரியவர்தான் வழியை மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது, எல்லாம் சரி. ஜன்னலைத் திறந்தேன். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒட்டிப் பிரிக்கும் பட்டி. காலை அமைதியில் அந்தச் சத்தம் கேட்டால் மான் சுவீடன் எல்லையைத் தாண்டித்தான் நிற்கும்.

நான்காவதை எடுத்தோம். குடை போல விரியும், ஒரு ஆளாகத் தூக்கலாம், கொக்கி போட்ட ஜன்னல், சத்தமே இல்லை. நிலத்தில் விரிப்புச் சீலை கிடையாது – வெறும் மண். அதுவும் நல்லதுதான். கால் வைக்கும் இடத்தில் சருகைக் கூட்டிவிட்டால் சரசரப்பு இல்லை. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. இலைதழை போட்ட வேட்டை ஜாக்கெட் ஒன்றை ஆசையாக வாங்கியிருந்தேனே... கூடாரத்துக்குள் அது வீண். கறுப்புக்குள் கறுப்புப் போட்டால்தான் ஆள் மறையும். வேலைக்குப் போடும் என் பழைய கறுப்பு ஜாக்கெட் போதும் என்று ஆனது.

பெரித் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். "புதுச் சீலைக்குத் தொழிற்சாலை மணம் இருக்கும். காத்திலை தூக்கிப் போட்டு வை. கண்ணைவிட மூக்குத்தான் மானுக்குப் பெரிசு."

போட்டு வைத்தோம். எங்கே என்பதுதான் கதை.

செப்டெம்பர் முழுக்க மழை. வெளியே போட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று குகன் அதைக் கராஜுக்குள் தூக்கிக் கட்டிவிட்டார். கராஜ் கதவு பாதி திறந்துதானே இருக்கிறது, காற்று வரும். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

எங்கள் கராஜில் கார் நிற்பதில்லை. அடுப்பு நிற்கிறது. இதை வாசிக்கும் பாதிப் பேருக்கு அது ஏன் என்று தெரியும். உங்கள் கராஜிலும் நிற்கிறது, இல்லையா? மீன் பொரிப்பது, கருவாடு, தூள் வறுப்பது எல்லாம் அங்கேதான். கூடாரத்தைக் கட்டிய அந்த வாரம்தான் நான் வருடத்துக்கான கறித்தூள் வறுத்தேன். கொத்தமல்லி, செத்தல் மிளகாய், மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை... தலைக்கு மேலே கூடாரம் தொங்குகிறது. கீழே நான் நின்று மிளகாய் வறுக்கிறேன். புகை நேரே மேலே போகிறது. இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை!

வேலையில் ஒரு கத்தரிக்கோலின் இடுக்கில் தூசி அளவு கறை இருந்தாலும் கண்டுபிடிப்பவள் நான். சொந்த மணம் மட்டும் மூக்குக்குத் தெரியவில்லை.

அந்தக் கூடாரத்தோடுதான் அக்டோபரின் முதல் சனிக்கிழமை போனேன். மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

மான் ஓடிய பிறகு பெரித் என்னைக் கூட்டிப்போக வந்தாள். குனிந்து கூடாரத்துக்குள் தலையை விட்டாள். மூக்குச் சுருங்கியது.

"ராஜி... இதுக்குள்ளை சாப்பாடு மணக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அந்தக் கராஜ் அடுப்பு எப்படி வந்தது தெரியுமா? என் மகள் அபி நான்காம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் அழாமல் வீட்டுக்கு வந்தாள். அழாமல் வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. "அம்மா, என்ரை ஜாக்கெட் மணக்குதாம். பக்கத்திலை இருக்கேலாதாம்." அன்றைக்கே ஜாக்கெட்டைத் தோய்த்தேன். அடுத்த சனிக்கிழமை குகன் அடுப்பைக் கராஜுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜாக்கெட்டெல்லாம் அலுமாரிக்குள், பொலித்தீன் உறைக்குள். பதினைந்து வருடம்! இப்படியெல்லாம் மறைத்து மறைத்து வைத்து, கடைசியில் அடர்காட்டுக்குள் போய், ஒரு மானிடம் பிடிபட்டேன்.

காரில் பெரித்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து குகனோடு மட்டும் நிறையப் பேசினேன்.

"ஆர் உங்களைக் கராஜுக்கை கட்டச் சொன்னது?"

"தூள் வறுத்தது ஆர்? நானோ?"

கூடாரத்தை மூலையில் எறிந்தேன். "நான் இனிப் போகேல்லை. அவையள் சொல்லுற மாதிரிக் குசினியும் வேண்டாம், காடும் வேண்டாம்" என்றேன்.

அபிக்கு இப்போது இருபத்தைந்து வயது. ரொம்மனில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். சோபாவில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் போனைக் கீழே வைத்தாள்.

"ஸ்லாப் ஆவ், அம்மா, கொஞ்சம் ஆறுங்கோ. பெரித் மணக்குதெண்டு சொன்னது உங்களையோ, டென்ட்டையோ?"

"டென்ட்டை."

"டென்ட் மணக்குதோ, இல்லையோ?"

எழுந்து போய் மூலையில் கிடந்ததை மூக்கில் வைத்துப் பார்த்தேன். முதல் தடவையாக, மான் மாதிரி. கடவுளே... ஒரு பந்திக்குச் சோறு போடலாம் போல இருந்தது!

"மணக்குது" என்றேன்.

"அப்ப டென்ட்டைத் தோயுங்கோ. அதுக்கு ஏன் நீங்கள் அழுறீங்கள்?"

எதற்காக அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுடைய ஜாக்கெட்தானே. குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றாள்.

சவர்க்காரம் போடக்கூடாது, அதற்கும் மணம் உண்டு. அப்பச் சோடாவைக் கரைத்து மூன்று தடவை அலசினோம். முதல் தண்ணீர் மஞ்சள். பெரித்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'கூடாரம் தோய்த்தாயிற்று. காட்டில் காயப் போடலாமா?' ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். மறுநாளே கொண்டுபோய்க் கீழ்ப் புல்வெளி ஓரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டேன். மழையிலும் காற்றிலும் அது அங்கேயே கிடந்தது. இரண்டாவது சனிக்கிழமை அப்படியே போயிற்று. அன்று நான் செய்த வேலை, அதை இறக்கி, விரித்து நிறுத்தி, சுற்றிவர ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் கிளைகளைச் செருகி, மற்றவர்களின் கண்ணில் படும்படி பின்பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு வந்ததுதான். மான்களும் அதைப் பார்த்துப் பழக வேண்டுமே.

மூன்றாவது சனிக்கிழமை பெரித் தானும் கூட இருக்கிறேன் என்றாள். கூடாரத்துக்குள் தலையை விட்டு மூக்கை உறிஞ்சினாள். "மழை மணம். நல்லது." முன்பக்க ஜன்னலை மட்டும் திறந்தோம். பின்பக்கத்தையும் திறந்தால் வெளிச்சத்தில் இருவரின் நிழலும் தெரிந்துவிடும். என் காலை முதுகுப்பையின் மேல் நீட்டி வைத்தேன். வலி இல்லை.

விடிந்து ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் மான் வந்தது. தூரத்தில்தான். மேய்ந்துகொண்டே வந்தது. நான் துவக்கைத் தொடக்கூட இல்லை. திடீரென்று என் பிடரியில் குளிராக ஒரு காற்று. மான் தலையை நிமிர்த்தியது. இந்தத் தடவை குரைக்கவில்லை. கல்யாண வீட்டில் பிடிக்காத ஆளைக் கண்டவர் நழுவுவது போல மெதுவாகக் காட்டுக்குள் போய்விட்டது.

"திரும்பவும் என்ரை மணம்தான்" என்றேன். ஒரு சனிக்கிழமைதான் மிச்சம்.

பெரித் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்ரை மணமோ? இஞ்சை பார். நான் காலமை பேக்கன் பொரிச்சுச் சாப்பிட்டனான். நாய் என்ரை கட்டிலிலைதான் படுக்குது. மேல்சொண்டுக்குள்ளை புகையிலை வைச்சிருக்கிறன். வரேக்கை டீசல் அடிச்ச கை இது. நீ தமிழ், நான் நோர்வே எண்டு மானுக்கு ஆர் சொன்னது? அதுக்கு எல்லாம் ஒண்டுதான். மனிசர் மணக்குது. ஓடு!"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. அபியின் ஜாக்கெட் கதையை அங்கேயே, குசுகுசுப்பிலேயே சொன்னேன். ஐந்து வருடமாகச் சொல்லாதது.

பெரித் என் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தால் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்."

"சொல்லியிருக்கத்தான் வேணும். டென்ட் மணந்ததுதானே."

சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. மரியாதைக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு சனிக்கிழமையும் நான் தூள் மணத்தோடு உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் என்னை அன்பாகக் குசினிக்கு அனுப்பியிருப்பார்கள். அன்று அவள் என்னிடம் ஒரு வேட்டைக்காரியிடம் பேசுவது போலத்தான் பேசியிருக்கிறாள். நான்தான் நான்காம் வகுப்புப் பிள்ளையின் காதால் கேட்டிருக்கிறேன்.

"எங்கடை பிழை மணம் இல்லை, இடம்" என்றாள் பெரித். "காத்து முதுகாலை வருது. ஆனால் இந்தப் புல்வெளியிலை காத்து எப்பிடிச் சுத்துதெண்டு பார்க்கவேணும். என்ரை பவுடர் குப்பியை வீட்டிலை விட்டிட்டன்."

வேட்டைக்காரர் ஒரு குப்பியில் மாவு போல ஏதோ வைத்திருப்பார்கள். ஒரு பிடி ஊதிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். நான் என் பையைத் திறந்தேன். எங்கே போனாலும் என்னோடு வரும் சின்னப் போத்தல் ஒன்று உண்டு. கோயிலில் தந்த திருநீறு.

ஒரு சிட்டிகை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டேன். வெள்ளைப் புகையாக நேரே புல்வெளிக்குப் போனது. வெளியே வந்து, ஓரமாக நடந்து, பத்தடிக்கு ஒரு சிட்டிகை. மறுபக்கத்து ஓரத்தில், பெரிய பாறைக்குப் பக்கத்தில் விட்டபோது அது திரும்பி என் முகத்திலேயே வந்து படிந்தது.

"இஞ்சைதான்" என்றேன், நெற்றியைத் துடைக்காமல்.

அந்த இடத்தில் இன்னொரு நன்மையும் இருந்தது. கோபுரத்திலிருந்து சுட்டால் குண்டு மண்ணுக்குள் இறங்கும். தரையிலிருந்து சுட்டால் மட்டமாகப் போகும். ஆகவே மானுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுடலாம். பாறைப் பக்கமிருந்து பார்த்தால் எதிரே நல்ல உயரமான மேடு. பெரித் இரண்டு தடவை குனிந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"ஆனால் புது இடத்துக்கு மான் பழகக் கிழமைக்கணக்கிலை வேணும். உனக்கு ஒரு கிழமைதான் இருக்கு. மாத்துறியோ?"

மாற்றினோம். அன்றைக்கே. அவள் கிளை வெட்ட வெட்ட நான் செருகினேன். தூரத்தில் நின்று பார்த்தால் பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு புதர், அவ்வளவுதான். போகும்போது பெரித் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "அந்தச் சாம்பலிலை எனக்கும் கொஞ்சம் தருவியோ? கடையிலை வாங்கிற பவுடரைவிட இது லேசு." கொடுத்தேன். இனி எங்கள் குழுவின் காற்றுக்குப் பொறுப்பு முருகப் பெருமான்.

கடந்த சனிக்கிழமை. கடைசி. விடிவதற்கு முன்பே போய் இருந்தேன், தனியாக. குளிர் மூக்கு நுனியைக் கடித்தது. வெளிச்சம் மெல்ல மெல்லப் புல்லின் மேல் வந்தது. காற்று முகத்தில், ஒரே சீராக. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. ஒரு நரி போனது. கூடாரத்துக்கு ஐந்து அடியில். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த நரிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

பிறகு அது வந்தது. ஒரு இளம் ஆண் மான். மேட்டுக்குக் கீழே, நாற்பது மீற்றர் இருக்கும். நின்றது. நேரே கூடாரத்தைப் பார்த்தது. மூக்கைத் தூக்கியது...

குரைக்கவில்லை. தலையைக் குனிந்து மேய்ந்தது. பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தேன். திரும்பியது. சுட்டேன்.

நான்கு தாவு. பிறகு புல்லில் சாய்ந்தது.

பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. நான் அசையவில்லை. அழுதேன். சந்தோஷம் இருந்தது. அந்த மானுக்காகத் துக்கமும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை.

சத்தம் கேட்டுப் பெரித் வந்தாள். இங்கே சிலர் செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. விழுந்த மானின் வாயில் ஒரு பச்சைக் கிளை வைப்பார்கள், அதன் கடைசி வாய் உணவாக. அவள் ஸ்புரூஸ் நுனியை ஒடித்து வைத்தாள். நான் என்னையறியாமல் போத்தலைத் திறந்து மானின் நெற்றியில் ஒரு விரலால் பூசினேன். கடிதங்கள் வரும் என்று தெரியும். எழுதுங்கள். அந்த நேரத்தில் எனக்கு அது சரி என்றுதான் பட்டது.

வயிற்றைக் கிழித்துச் சுத்தப்படுத்தியது நான்தான். கத்தி பிடிக்கத் தெரியாதா எனக்கு?

மரவீட்டுக்குப் போனபோது ஊலா ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டிறைச்சியும் முட்டைக்கோவாவும் உப்பும் மிளகும் போட்டு வேகவைத்த பெரிய பானை. "நீ இரு, காலை நீட்டு" என்றார். கதிரையை இழுத்துப் போட்டார். கோப்பை நிறையப் போட்டுக் கொண்டுவந்து கையில் தந்தார். உப்பு கொஞ்சம் குறைவு. நான் வாயே திறக்கவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரித் எழுந்து வரைபடத்துக்குப் போனாள். கீழ்ப் புல்வெளிக்கு நேரே இருந்த பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதினாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. ஒரு எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டாள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். குகன் கதவைத் திறந்தார். இறைச்சிப் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார். பிறகு ஒரு அடி பின்னால் போனார். ஸ்புரூஸ் பிசின், இரத்தம், விறகுப் புகை, பெரித்தின் நாய், ஊலாவின் கோவா... எல்லாம் என் பழைய கறுப்பு ஜாக்கெட்டில்.

"இஞ்சாரும், உம்மடை ஜாக்கெட் மணக்குது! கராஜுக்கை கழட்டிப்போட்டு வாரும்."

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அபி உள்ளேயிருந்து வந்தாள். என் தோளிலிருந்து ஜாக்கெட்டை வாங்கினாள். ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். கராஜுக்கும் கொண்டுபோகவில்லை, அலுமாரிக்கும் கொண்டுபோகவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் வாசல் கொக்கியில், தன்னுடைய ஜாக்கெட்டோடு ஒட்டி மாட்டினாள்.

"மணக்கட்டும்" என்றாள்.